சொற்சுருக்கம் யாருக்குச் சுருக்கம்?

பாடசாலை இணையத்தளம் ஒன்றில் இப்படி ஓர் அறிவித்தல் வெளியாகிறது என வைத்துக்கொள்வோம்: “க.பொ.த. (உ/த) மாணவியரின் பெற்றோர் தே.அ.அ. பிரதியுடன் மு.ப. 8.30க்குச் சமுகமளிக்கவும்.” மாணவியராகிய எமக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால், தன் மூத்த மகளை முதன்முதலாக உயர்தர வகுப்புக்கு அனுப்பும் ஒரு தாய் இந்த ஒரே வரியில் மூன்று இடங்களில் தடுக்கி நிற்கக்கூடும். கேட்கக் கூச்சப்பட்டு, பிரதி இல்லாமலே வந்து திரும்பிச் செல்லவும் நேரலாம்.

சொற்சுருக்கம் அதன் விரிவை ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டுமே சுருக்கம். மற்றவருக்கு அது புதிர். ப.நோ.கூ.ச. என்றால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்பது எமது உம்மம்மாவுக்குத் தெரியும். எம்மில் பலருக்குத் தெரியாது. எச்.டி.எம்.எல். என்பது எமக்குத் தெரியும், உம்மம்மாவுக்குத் தெரியாது. இணையப் பக்கங்களை ஆக்கப் பயன்படும் ‘ஹைப்பர்டெக்ஸ்ட் மார்க்கப் லாங்குவேஜ்’ என்ற குறிமொழியின் சுருக்கமே அது.

பார்வையற்ற வாசகரின் சிரமம் இன்னும் அதிகம். அவர்கள் திரைவாசிப்பான் என்ற மென்பொருளின் உதவியுடன் பக்கத்தைச் செவியால் ‘வாசிக்கிறார்கள்’. இ.போ.ச. என்பதிலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் வசனத்தின் முடிவாக அது கருதிவிடலாம். உ/த என்பதிலுள்ள சாய்கோட்டை ஒரு சொல்லாகவே உச்சரித்துவிடலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை, உயர்தரம் என்று முழுமையாக எழுதினால் இந்தத் தடுமாற்றம் இல்லை.

இதற்கென எச்.டி.எம்.எல். மொழியிலேயே ஒரு குறிச்சொல் உண்டு. ‘அப்ரீவியேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளே அதன் பெயர். சுருக்கத்தை அந்தக் குறிச்சொல்லுக்குள் இட்டு, ‘டைட்டில்’ என்ற பண்பில் அதன் விரிவை எழுதலாம். கணினியில் சுட்டியை அதன்மேல் வைத்தால் விரிவு ஒரு சிறு பெட்டியில் தோன்றும்.

ஆனால், இதைச் செய்ததும் கடமை முடிந்துவிட்டது என எண்ணுவது தவறு. கையடக்கத் தொலைபேசியில் சுட்டி இல்லை. எனவே அந்தப் பெட்டி பெரும்பாலும் தோன்றுவதில்லை. விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோரும் அதை அடைய முடியாது. திரைவாசிப்பான்களும் பெரும்பாலும் அந்த விரிவைத் தாமாக வாசிப்பதில்லை. உதவி யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது எட்டாமல் போகிறது.

ஆகவே, விரிவை மறைத்து வைக்காமல் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுவதே சிறந்த வழி. முதன்முறை வரும்போது முழுப்பெயரை எழுதி, சுருக்கத்தை அடைப்புக்குறிக்குள் இடலாம்: தேசிய அடையாள அட்டை (தே.அ.அ.). அதன்பின் சுருக்கத்தை மட்டும் பயன்படுத்தலாம். குறிச்சொல்லையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. ஓரிரு தடவைகள் மட்டுமே வரும் பெயருக்குச் சுருக்கமே தேவையில்லை.

புத்தகத்தை நாம் பெரும்பாலும் முதற்பக்கத்திலிருந்து வாசிக்கிறோம். இணையத்திலோ, தேடற்பொறி வாசகரை எந்தப் பக்கத்திலும் கொண்டுவந்து விடும். எனவே ஒரு பக்கத்தில் விளக்கிய சுருக்கத்தை அடுத்த பக்கத்திலும் விளக்க வேண்டும். சுருக்கங்கள் பலவாயின், அவற்றின் பட்டியலுக்கு ஓர் இணைப்புக் கொடுக்கலாம்.

2008இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டிகளின் இரண்டாம் பதிப்பும், சுருக்கங்களின் விரிவை அறிய வழி இருக்க வேண்டும் என்பதை அதியுயர் தரநிலைக்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்துள்ளது.

இனி, அந்த அறிவித்தலைத் திருத்தி எழுதிப் பார்ப்போம்: “கல்விப் பொதுத் தராதர உயர்தர மாணவியரின் பெற்றோர், தமது தேசிய அடையாள அட்டையின் பிரதியுடன் காலை 8.30க்குச் சமுகமளிக்கவும்.” கூடியவை சில சொற்களே. அந்தத் தாய் இனி எவரையும் கேட்க வேண்டியதில்லை. மன்றச் செய்தியோ வகுப்பு அறிவித்தலோ இணையத்தில் இடும் மாணவியரே, வெளியிடுமுன் அதை ஒருமுறை வீட்டிலுள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, அங்கே விரித்து எழுதுங்கள்.