ஏறிய நிறமும் ஏற்றிய நிறமும்

மலேசியத் தமிழர் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்றே சொல்கின்றனர். பத்து ரிங்கிட் தாளும் அவர்கள் பேச்சில் பத்து வெள்ளிதான். காசு உண்மையிலேயே வெள்ளியால் அடிக்கப்பட்ட காலத்தின் மிச்சம் அச்சொல். நெகிரி செம்பிலானின் ஜெம்போல் மாவட்டத்தில் பகாவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய நாட்களில், கூட்டரசு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிருந்த அம்மாநிலத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் நாணயமே வழங்கியது. அதன் வெள்ளி டாலர் 1903ஆம் ஆண்டில் பம்பாய் அக்கசாலையில் முதன்முதலாக அடிக்கப்பட்டது. ஒருபுறம் ஏழாம் எட்வர்டின் தலையும், மறுபுறம் ஆங்கிலத்தோடு சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு வரிவடிவில் எழுதும் ஜாவி எழுத்தும் பொறித்த அக்காசு 26.95 கிராம் எடையும் ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளியும் கொண்டிருந்தது. வெள்ளியின் விலை ஏற ஏறக் காசு இளைத்தது: 1907இல் 20.21 கிராம் ஆயிற்று, 1919இல் 16.85 கிராமாகச் சிறுத்ததோடு வெள்ளியும் பாதிப் பங்காகக் குறைந்தது.

இத்தகைய பழங்காசுகளின் மேல் காலப்போக்கில் படரும் வண்ணத்தைச் சேகரிப்போர் டோனிங் என்பர். தமிழில் இதற்கு வேறு கலைச்சொல் தேட வேண்டியதில்லை. தன்வினையும் பிறவினையும் இங்கே உதவிக்கு வருகின்றன. தானாகப் படர்ந்தது ஏறிய நிறம். விலையை உயர்த்துவதற்காக ஒருவர் படரச் செய்தது ஏற்றிய நிறம்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு, ஈரமும் உயிர்வளியும் துணைநிற்க வெள்ளியோடு கூடும்போது அதன் மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு என்னும் மிக மெல்லிய படலம் உண்டாகிறது. படலத்தின் மேற்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதனுள் புகுந்து உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை அடக்கிச் சில நிறங்களை மிகுவிக்கின்றன; மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தெரிவதும் இதே காரணத்தால்தான். ஆகவே நிறம் என்பது படலத்தின் தடிப்பைக் காட்டும் அளவுகோல். படலம் தடிக்கத் தடிக்க இளமஞ்சள், பொன்பழுப்பு, செவ்வூதா, நீலம் என்ற வரிசையில் நிறம் மாறி, பின்னர் மஞ்சளும் செம்மையும் பச்சையும் மீண்டும் தோன்றி, முடிவில் ஒளி ஊடுருவாத கருமையில் சென்று நிற்கும். இவ்வரிசையை மனத்தில் இருத்திக்கொள்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பகாவ் வட்டாரமே பொருத்தமான விடை தருகிறது. பால்மரத்திலிருந்து வெட்டி எடுக்கும் பால் ரப்பர் வளையமாக மாறுவதற்குமுன் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றப்படுகிறது. அதனால் உறுதி பெற்ற வளையத்தால் வெள்ளிக்காசுகளைச் சுற்றிக் கட்டி வைத்தால், வளையம் தொட்ட இடத்தில் கரிய கோடு விழுந்துவிடும். மட்டமான அட்டை, பழுப்புக் காகித உறை, துணிப்பை ஆகியவையும் கந்தகம் கசிவன. ஆண்டு முழுதும் ஈரம் மிகுந்த மலேசியக் காற்று அவ்வேலையை விரைவுபடுத்துகிறது.

இயற்கையாக ஏறிய நிறம் காசு கிடந்த இடத்தின் வரலாற்றைத் தன்மேல் எழுதி வைத்திருக்கும். அட்டைத் தொகுப்பின் வட்டக்குழியில் பல்லாண்டு இருந்த டாலரின் விளிம்பில் நீலமும், அதற்கு உட்புறம் செவ்வூதாவும், பின் பொன்பழுப்பும், நடுவில் மாறாத வெண்மையும் வளையம் வளையமாக அமைந்திருக்கும். துணிப்பையில் கிடந்த காசில் நெசவின் அச்சும், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததில் பிறைவடிவ நிழலும் தெரியும். எழுத்துகளையும் மன்னர் தலையையும் ஒட்டிய இடங்களில் நிறம் சற்று விலகி நிற்பதுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, காசைச் சாய்த்துத் திருப்பினால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்போல ஒளிக்கதிர் சுழலும். அக்கசாலை தந்த அந்த மினுமினுப்பு நிறத்துக்குக் கீழே உயிரோடு இருக்க வேண்டும்.

ஏற்றிய நிறத்துக்கு அப்பொறுமை இல்லை. கந்தகக் கரைசல், அடுப்புச் சூடு, வேதிப்பொருள் ஆவி எனச் சில மணிநேரத்தில் அது முடிந்துவிடுவதால், மஞ்சளும் பழுப்பும் இடையில் இன்றி வெண்மைக்குப் பக்கத்திலேயே கண்ணைப் பறிக்கும் நீலமோ ஊதாவோ நிற்கும். நிறம் உலோகத்தில் ஊறாமல் மேலே மிதப்பதுபோல் தோன்றும். கீறல்களுக்குள்ளும் தேய்ந்த மேடுகளிலும் ஒரே அழுத்தத்தில் படிந்திருக்கும். செம்பு மிகுந்த 1919, 1920ஆம் ஆண்டு டாலர்கள் பெரும்பாலும் மங்கிய பழுப்பையே பெறுவதால், அவற்றில் வானவில் சுடர்ந்தால் ஐயுறுவதே முறை. தூய அசிட்டோன் வெள்ளி சல்பைடைக் கரைப்பதில்லை. அதில் நனைத்த காசின் நிறம் கழன்று வருமானால் அது பூசிய எண்ணெயோ மெருகோ புகையோ ஆகும்.

தமிழர் வீட்டுக் காசுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புளியும் திருநீறும் இட்டு வெள்ளியைத் துலக்குவது நம்மவர் வழக்கம். தோட்டங்களுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த இந்திய வெள்ளி ரூபாய்களில் வளையம் பற்றவைத்து மாலையாக அணிந்ததும் உண்டு. துலக்கிய காசின் இயல்பான மேற்பரப்பு தேய்ந்துபோவதால், அதன்மேல் பின்னர் ஏறும் நிறம் இயற்கையானதே ஆயினும் மினுமினுப்பின்றி மந்தமாக இருக்கும். அதனைப் போலி என்பது அநீதி. துலக்காத காசின் விலைக்கு அதனை விற்பதும் அநீதியே.

அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய தரமிடும் நிறுவனங்கள் காசைச் சோதித்து உறையிட்டுத் தருகின்றன. பிசிஜிஎஸ் நிறுவனம் ஐயத்துக்குரிய நிறத்துக்கென 91 என்னும் தனிக் குறியீடே வைத்துள்ளது. போலி என்னாமல் ஐயத்துக்குரியது என்று அது சொல்வது நேர்மையான சொல்லாட்சி. ஏனெனில் பொருள் ஒன்றாகவும் காலம் மட்டுமே வேறாகவும் இருக்கும் இடத்தில், பல காசுகளைப் பார்த்துப் பழகிய கண்ணின் தீர்ப்பே இறுதியில் எஞ்சுகிறது.

பாட்டியின் பெட்டியில் கறுத்த வெள்ளிக்காசு கிடைப்பவர்கள் அதனைப் புளியிட்டுத் தேய்க்காமலும் ரப்பர் வளையத்தால் கட்டாமலும், விளிம்பைப் பிடித்து எடுத்து, அமிலமும் கந்தகமும் இல்லாத உறையில் இட்டு, அறிந்த ஒருவர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.