ஐ.டி.ஐ. படித்தால் என்ன?

புத்தூர் என்றதும் நம்மவர்களுக்கு எலும்பு முறிவுக் கட்டுதான் நினைவுக்கு வரும். இங்கிருந்து சத்தியவேடு பக்கம் போனால் ஸ்ரீசிட்டி, 2008-இல் தொடங்கிய தொழில் நகரம். சென்னை மெட்ரோவின் முதல் சில ரயில்கள் பிரேசிலிலிருந்து வந்தன. பிறகு வந்தவை அல்ஸ்டாம் நிறுவனத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் உருவானவை. ரயில்வேக்காரனான எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

2025 பட்ஜெட்டில் மத்திய அரசு தேசிய உற்பத்தி இயக்கத்தை அறிவித்தது. புதிய தொழில்களுக்கு ஆட்களைத் தயார் செய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அதே ஆண்டு மே மாதம், 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இதில் பாதி மத்திய அரசின் பங்கு. மீதி மாநிலங்களும் தொழில் நிறுவனங்களும் தர வேண்டும்.

இயந்திரம் வாங்குவது சுலபம், சொல்லித்தர ஆள் வேண்டுமே! பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இல் சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. வெறும் வரைபடத்தை வைத்துக்கொண்டு யாரும் வெல்டிங் கற்றதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று காட்ட வேண்டும். அதனால் இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், சென்னை, ஐதராபாத் உள்ளிட்ட ஐந்து இடங்களில் பயிற்சி ஆசிரியர்களுக்கே பயிற்சி தருவதுதான்.

ஊரில் உங்கள் உறவுப் பிள்ளைகள் ஆலைக்குப் போகிறார்களா? ஒப்பந்த வேலையா, அப்ரண்டிஸா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆக வேண்டும். பயிற்சி முடிந்து தேர்வில் தேறினால் நாடெங்கும் செல்லும் சான்றிதழ் உண்டு. ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும் அது கைக்கு வராது.