நீர்க்குமிழி காத்த உயிர்கள்

பச்சிளங் குழந்தைகளை மண்ணுக்குள் அனுப்பும் நோய் எது என்று கேட்டால் அம்மை என்பார் சிலர். வாந்தி பேதி என்பார் சிலர். நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை நினைப்பவர் குறைவு. "சளி கட்டியிருக்கிறது, இரைப்பு வாங்குகிறது" என்று சொல்லி, நெஞ்சில் தைலத்தைத் தடவிப் படுக்க வைக்கும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. ஆனால் 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயது நிரம்பாத 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் இந்நோயால் மாண்டனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த வயதில் நேர்ந்த மரணங்களில் இது நூற்றுக்குப் பதினான்கு.

இந்நோயை விளைவிக்கும் கிருமிகளில் பலவற்றை ஒழிக்க மருந்து இல்லாமல் இல்லை. ஆயின் அம்மருந்து உடலில் ஊறி வேலை செய்ய இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். அதுவரை அந்தப் பிஞ்சு மூச்சு விட்டுக் கொண்டிருக்க வேண்டும். சாவும் வாழ்வும் தீர்மானிக்கப்படுவது இந்த இரண்டு மூன்று நாட்களில்தான். இந்தச் சிறு இடைவெளியைக் கடக்கப் பாலம் அமைப்பதற்கென்றே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு மருத்துவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகிறோம். அவர் பங்களாதேஷ் நாட்டு டாக்டர் முகம்மது ஜுபாயர் சிஷ்தி.

1996ஆம் ஆண்டு. சில்ஹெட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பயிற்சி மருத்துவராக அவர் பணி ஏற்ற முதல் இரவு. அந்த ஓர் இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவால் அவர் கண்ணெதிரே உயிர் நீத்தன. செய்வதறியாது தாம் அழுததாகவும், இந்நோய்க்கு ஏதேனும் செய்தே தீர்வது என்று அன்றே உறுதி பூண்டதாகவும் பின்னாளில் அவர் பிபிசி செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். இத்தகைய உறுதிகளை இளம் மருத்துவர் பலரும் செய்துகொள்வர். நாளடைவில் வேலைப் பளுவில் அவை கரைந்து போகும். இவருடைய உறுதி கரையவில்லை. அதற்கு அவர் பின்னர் சென்று சேர்ந்த இடமும் ஒரு காரணம் எனலாம்.

அந்த இடம் டாக்காவில் உள்ள அனைத்துலக வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி நிலையம். 1960இல் காலரா ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1978இல் அனைத்துலக நிலையமாக உயர்ந்தது அது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கச் செய்தே காலரா நோயாளியைப் பிழைக்க வைக்கலாம் என்பதை 1968இல் சோதித்து நிறுவியவர்கள் அங்குப் பணியாற்றிய ஆராய்ச்சியாளர்கள்தாம். 1971ஆம் ஆண்டுப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே டாக்டர் திலீப் மகாலநபிஸ் அந்த நீரைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் காத்த வரலாற்றை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். மலிவான பொருளைக் கொண்டு பெரிய நோயை எதிர்க்கலாம் என்னும் எண்ணம் அந்நிலையத்தின் சுவர்களிலேயே ஊறியிருந்தது.

இந்நிலையத்தின் டாக்கா மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் வருகின்றனர். வயிற்றுப்போக்குடன் வரும் குழந்தைகளில் பலர் சவலைப் பிள்ளைகள். அவர்களில் பலருக்கு நிமோனியாவும் சேர்ந்தே இருக்கும். மூன்று பகைகள் ஒருசேரத் தாக்கும் அந்த உடல்களே டாக்டர் சிஷ்தியின் ஆராய்ச்சிக் களமாயின. அம்மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற அவர், நோயாளியின் படுக்கையருகே எழுந்த ஐயங்களையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக் கொண்டார்.

2009இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் சிலருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வை முதலில் சொல்ல வேண்டும். நிமோனியாவைக் கண்டறிய உலகச் சுகாதார நிறுவனம் எளிய அடையாளங்கள் சிலவற்றை வகுத்துள்ளது. தாய்மார்கள் இவற்றை மனத்தில் இருத்திக் கொள்வது நன்று. அழாமல் அமைதியாக இருக்கும் நேரத்தில் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60ம், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50ம், ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை 40ம், அவற்றுக்கு மேலும் ஆனால் அது வேகமூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குமானால் அபாயம். பால் குடிக்க இயலாமை, நீலம் பாரித்தல் ஆகியவை தென்பட்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இந்த அடையாளங்கள் நன்கு வளர்ந்த குழந்தையிடம் தெளிவாய்த் தெரியும். கடுமையான ஊட்டக்குறைவுள்ள சவலைக் குழந்தையிடமோ இவற்றை நம்ப முடியாது என்று அந்த ஆய்வு எடுத்துக் காட்டிற்று. நோயை எதிர்க்கும் வலுவே இல்லாத உடலில் வேகமூச்சு விடுவதற்கான வலு எங்கிருந்து வரும்? பார்வைக்கு அமைதியாய்க் கிடக்கும் அக்குழந்தைதான் பிறரைக் காட்டிலும் சாவுக்கு அருகில் இருக்கிறது. இத்தகைய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு நிமோனியாவின் திரைக்குப் பின்னால் காசநோய் ஒளிந்திருப்பதையும் அவர் பின்னர் நடத்திய ஆய்வுகள் வெளிக்கொணர்ந்தன.

இனிக் குமிழியின் கதைக்கு வருவோம்.

நுரையீரல் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளால் ஆனது. நிமோனியாவில் இவ்வறைகளில் நீரும் சீழும் கோத்துக் கொள்கின்றன. மூச்சை வெளியே விடும்போது அவை சுருங்கி ஒட்டிக் கொள்கின்றன. மறுபடி இழுக்கும்போது அவற்றைப் பிரித்துத் திறக்கப் பெரும் பிரயாசை வேண்டும். புதிய பலூனை ஊதும்போது முதல் ஊதல் எவ்வளவு கடினம், சிறிது காற்று உள்ளே நின்ற பிறகு எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பாருங்கள். நோயுற்ற குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முதல் ஊதலை ஊதிக் கொண்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் களைத்து நிறுத்திவிடுகிறது. மூச்சு விடுகையில் அக்குழந்தை முனகுவதை நாம் வலியின் முனகல் என்றே எண்ணுகிறோம். தொண்டையைச் சற்றே மூடிச் சிறிது காற்றை உள்ளே தேக்கி வைக்க உடல் தானே செய்துகொள்ளும் உபாயம் அது.

அந்த உபாயத்தை வெளியிலிருந்து செய்து கொடுப்பதுதான் குமிழி முறை. குழந்தையின் மூக்கில் பிராணவாயுக் குழாயைப் பொருத்தி, மூச்சு வெளியேறும் குழாயின் நுனியை ஒரு புட்டி நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். நீரைத் தள்ளிக் கொண்டுதான் காற்று வெளியேற முடியும். ஆகவே நுரையீரலில் எப்போதும் சிறிது அழுத்தம் நிலைத்திருக்கும். குழாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் ஐந்து சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். ஆழத்தைக் கூட்டினால் அழுத்தம் கூடும். காற்றறைகள் ஒட்டிக் கொள்ளாமல் திறந்தே நிற்கும்.

இம்முறையை டாக்டர் சிஷ்தி கண்டுபிடித்தார் என்று எழுதுவோர் உளர், அது சரியன்று. குறைமாதக் குழந்தைகளுக்கு இடையறாத காற்றழுத்தம் கொடுத்துக் காக்கும் முறை அமெரிக்காவில் 1971லேயே வெளியாயிற்று. குமிழி வடிவமும் அதன்பின் அங்கே வழக்கத்துக்கு வந்தது. மெல்போர்ன் நகரில் இருந்த காலத்தில் அதனைக் கண்ட டாக்டர் சிஷ்தி, தம் நாட்டு மருத்துவமனைக்கு அதைக் கொண்டு செல்ல விழைந்தார். தடையாக நின்றது விலை. செயற்கைச் சுவாசக் கருவி ஒன்றின் விலை 15,000 டாலர் அளவில் இருந்தது. கடைகளில் விற்கும் குமிழிக் கருவியும் ஏழை நாட்டு மருத்துவமனைக்கு எட்டாக் கனி. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாரோ வீசிவிட்டுப் போன ஷாம்பூ புட்டி ஒன்றில் எஞ்சியிருந்த குமிழிகள் அவர் கண்ணில் பட்டன. அந்தப் புட்டியே போதுமென்று தோன்றிற்று. புட்டியும் சாதாரணக் குழாய்களும் சேர்ந்து ஒன்றேகால் டாலரில் கருவி தயாராயிற்று.

நான்கைந்து குழந்தைகளுக்கு வைத்துப் பார்த்தார். சில மணி நேரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இந்த இடத்தில் நின்றுவிட்டிருந்தால் அவர் ஒரு கைராசிக்காரர் என்ற பெயரோடு போயிருப்பார். நான்கு பேர் பிழைத்தனர் என்பதைக் கொண்டு முறை நல்லது என்று முடிவு கட்டலாகாது. அவர்கள் எப்படியும் பிழைத்திருக்கக்கூடும். ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. இப்பாடம் நமக்குப் புதியதன்று. மூளைக் காய்ச்சல் நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றிச் சிகிச்சை அளித்து, மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு, முடிவை ஒப்பு நோக்கியதாக அறிஞர் அர்-ராஸி பத்தாம் நூற்றாண்டு வாக்கிலேயே குறித்துள்ளார். அவருடைய கீர்த்தியை மேடைதோறும் முழங்குகிறோம். அவர் கையாண்ட முறையைப் பற்றி அத்துணை பேசுவதில்லை.

2011 ஆகஸ்டு முதல் 2013 ஜூலை வரை டாக்கா மருத்துவமனையில் அந்த ஒப்பீடு நடந்தது. கடும் நிமோனியாவும் இரத்தத்தில் பிராணவாயுக் குறைவும் உள்ள 225 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினர். 79 பேருக்குக் குமிழி முறை. 67 பேருக்கு, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருந்த வழக்கப்படி மெல்லிய ஓட்டத்தில் பிராணவாயு. மீதி 79 பேருக்கு விலையுயர்ந்த கருவியின் மூலம் மிகுந்த ஓட்டத்தில் பிராணவாயு. குமிழி முறையில் இறந்தவர் மூவர். மற்ற இரு பிரிவுகளிலும் பத்துப் பத்துப் பேர்.

வழக்கமான முறையில் இருந்த குழந்தைகள் மிகுதியாக இறப்பதைக் கண்ட கண்காணிப்புக் குழு, ஆய்வை நடுவிலேயே நிறுத்தச் செய்தது. ஒரு முறை மேலானது என்று தெரிந்த பிறகும் எண்ணிக்கையை நிரப்புவதற்காக வேறொரு குழந்தையைத் தாழ்ந்த முறையில் வைத்திருப்பது தகாது அல்லவா? 2015இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான முறையோடு ஒப்பிடுகையில் சாவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருந்தது. குமிழிக்கும் மிகுந்த ஓட்ட முறைக்கும் உள்ள வேற்றுமை தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்பதையும் அக்கட்டுரை மறைக்கவில்லை. அந்த மருத்துவமனையில் குமிழி முறை நடைமுறைச் சிகிச்சையாயிற்று. ஆண்டுக்கு 30,000 டாலராக இருந்த பிராணவாயுச் செலவு 6,000 டாலராகக் குறைந்தது என்று 2018ஆம் ஆண்டளவில் செய்திகள் வந்தன.

ஷாம்பூ புட்டி என்றதும் உலகப் பத்திரிகைகள் விழுந்து விழுந்து எழுதின. அதனால் ஒரு தீமையும் விளைந்தது. புட்டியும் குழாயும் இருந்தால் எங்கும் உயிர் காக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. மலாவி நாட்டுச் செய்தி இவ்வெண்ணத்தை உலுக்கியது. அங்கே சலிமா மாவட்ட மருத்துவமனையில் 644 குழந்தைகளைக் கொண்டு வேறோர் ஆராய்ச்சிக் குழு நடத்திய ஆய்வின் முடிவு 2019இல் வெளியாயிற்று. அவர்கள் பயன்படுத்தியது கடையில் வாங்கிய முறையான குமிழிக் கருவி. ஆயினும் முடிவு தலைகீழ். கருவி பொருத்தப்பட்ட 323 பேரில் 53 குழந்தைகள் இறந்தன. சாதாரணப் பிராணவாயு பெற்ற 321 பேரில் 35 தான்.

அதே தத்துவம், அதே நீர், அதே குமிழி. ஓரிடத்தில் காத்தது மற்றோரிடத்தில் ஏன் கைவிட்டது? மலாவிக் குழந்தைகளில் பலர் எச்.ஐ.வி. தொடர்புடையவர்கள் அல்லது கடும் ஊட்டக்குறைவு உள்ளவர்கள் என்பது ஒரு காரணமாகலாம். ஆனால் டாக்காவிலும் சவலைக் குழந்தைகளுக்குக் குறைவில்லை. பெரிய வேற்றுமை வேறிடத்தில் இருந்தது. டாக்காவில் தீவிர சிகிச்சை மருத்துவர்களும் பழகிய செவிலியர்களும் அருகிலேயே இருந்தனர். சலிமாவில் மருத்துவர்கள் நாள்தோறும் வந்து மேற்பார்க்கும் நிலை இல்லை. கருவி பூண்ட குழந்தையின் வயிற்றில் காற்று புகுந்து உப்பக்கூடும். உண்டது மேலேறி மூச்சுக் குழலுக்குள் செல்லக்கூடும். மூக்கில் புண் உண்டாகக்கூடும். நுரையீரல் உறை கிழியவும் கூடும். இவற்றைக் கண்டவுடனே செயற்படக் கண்ணும் கையும் வேண்டும். ஒன்றேகால் டாலர் என்று நாம் போட்ட கணக்கில் அந்தக் கண்ணுக்கும் கைக்கும் உரிய கூலி சேர்க்கப்படவே இல்லை. இந்தக் குறைபாடு டாக்டர் சிஷ்தியினுடையதன்று; மலிவைக் கண்டு மயங்கிய நம்முடையது.

மலாவி முடிவோடு இம்முயற்சி ஓய்ந்துவிடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத சாதாரண மருத்துவமனையில் இம்முறை நிற்குமா என்ற கேள்வியை எத்தியோப்பிய நாட்டு மருத்துவர்களுடன் சேர்ந்து டாக்டர் சிஷ்தியும் டாக்கா நிலையத்தாரும் நேருக்கு நேர் எதிர்கொண்டனர். அங்கு அவர்கள் புட்டிகளை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு வாளா இருக்கவில்லை. முதலில் சில மருத்துவமனைகளில் இது இயலுமா என்று பார்த்தனர். மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவித்தனர். பிறகே 12 மருத்துவமனைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒப்பீட்டு ஆய்வை நடத்தினர். 2024இல் வெளியான அதன் முடிவு குமிழி முறைக்கே சாதகமாயிற்று: சிகிச்சை பயனற்றுப் போனவர்களும் குறைவு, இறந்தவர்களும் குறைவு. அம்மருத்துவமனைகளில் மருத்துவரும் செவிலியரும் மேற்பார்வையில் இருந்தனர் என்பதை ஆய்வாளர்கள் தனியே எடுத்துரைத்துள்ளனர்.

புட்டியில் குமிழி விடாது எழுகிறதா என்று செவிலி பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்பது பொருள். மூக்கில் பொருத்திய குழாய் நழுவியிருக்கலாம், இணைப்பு விலகியிருக்கலாம், புட்டியில் நீர் வற்றியிருக்கலாம். அவள் எழுந்து சென்று ஒவ்வொன்றாய்ச் சரி பார்த்து, குமிழி மறுபடி எழுந்த பிறகே அடுத்த படுக்கைக்குப் போக வேண்டும்.