தெற்குச் சுவரின் கறுப்புப் புள்ளிகள்

வீட்டுச் சுவரிலும் அலமாரியிலும் கறுப்பாகவோ பச்சையாகவோ படரும் பூஞ்சணம், பூஞ்சை இனத்தைச் சேர்ந்த உயிரி. க்ளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் ஆகியவை வீடுகளில் அதிகம் காணப்படும் வகைகள். இவற்றின் வித்துகள் காற்றில் எப்போதும் மிதக்கின்றன. எந்த வீட்டையும் அவற்றிலிருந்து முழுக்க விடுவிக்க முடியாது. இரைக்கும் பஞ்சமில்லை. ஆஸ்திரேலிய வீடுகளின் உட்சுவராக அமையும் ஜிப்ராக் பலகையின் மேற்காகிதம், தோல் காலணி, தூசு எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிழைத்துக்கொள்ளும். மனிதரால் தடுக்கக்கூடியது அதற்குக் கிடைக்கும் தண்ணீர் மட்டும்தான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை.

சிட்னியில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் மழையாக வருகிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கூட்டும் லா நீனா விடாமல் தொடர்ந்த காலத்தில், 2022-இல், நகரின் அப்சர்வேட்டரி ஹில் வானிலை நிலையம் 2,500 மி.மீ.க்கு மேல் மழையைப் பதிவுசெய்தது. 1950-இன் உச்சமான 2,194 மி.மீ. பின்தங்கியது. சென்னையின் ஆண்டுச் சராசரியே சுமார் 1,400 மி.மீ.தான். சிட்னியின் பேடிங்டன், நியூடவுன் பகுதிகளின் பழைய செங்கல் வரிசை வீடுகளில் தரையிலிருந்தும் ஈரம் சுவரேறும். தரைக்கடியில் காற்றுப் போக விட்ட துளைகளைத் தோட்ட மண் மூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

மெல்பர்னின் சிக்கல் வேறு: அங்கே குளிர்தான் காரணம். 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதிலுள்ள ஆவி நீராகப் படியும். குளிர்கால இரவில் ஒற்றைக் கண்ணாடி சன்னலும் அதன் அலுமினியச் சட்டமும் அந்த நிலையை எளிதில் எட்டிவிடும். வெளிச்சுவரை ஒட்டி நிறுத்திய அலமாரியின் பின்புறமும் அப்படியே. தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து விழுவதால் தெற்கு அறைகள் குளிர்காலம் முழுக்க வெயில் காண்பதில்லை. பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். வடக்கு பார்த்த வீட்டுக்கு அங்கே கிராக்கி இருப்பது வெயிலால், வாஸ்துவால் அல்ல.

வீட்டுக்குள் ஈரத்தைச் சேர்ப்பவர்கள் குடியிருப்பவர்களே. வெந்நீர்க் குளியல், கொதிக்கும் உலை, இட்லிப் பானை, ஹீட்டர் முன் காயும் துணி, தூங்குபவர்களின் மூச்சு எல்லாமே ஆவி. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரும் எரியும்போது நீராவியை அறைக்குள்ளேயே விடும். குளியலறை மின்விசிறியால் பயன் உண்டு, அது காற்றை எங்கே தள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டால். பல பழைய வீடுகளில் அது கூரைக்கடியில்தான் தள்ளும். ஈரம் இடம் மாறுமே தவிர வெளியேறாது. 2022-இன் தேசியக் கட்டட விதிகள் புதிய வீடுகளில் அதை நேரடியாக வெளியே விடச் சொல்கின்றன.

குளிர்காலத்தில் சன்னலைத் திறப்பது வீண்செலவாகத் தோன்றும். ஆனால் வெளியே உள்ள குளிர்காற்று சுமக்கும் நீர் மிகக் குறைவு. உள்ளே வந்து சூடேறினால் அது உலர்ந்த காற்று. பத்து நிமிடம் எதிரெதிர் சன்னல்களைத் திறந்தாலே போதும். சிட்னியின் பிப்ரவரிக் கோடை மழை நாளிலோ இதே செயல் ஈரத்தை உள்ளே அழைத்துவரும். அப்போது சன்னலை மூடி ஏசியை ஓட்டுவதே சரி. மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானியை வைத்துப் பார்த்து, அளவை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கலாம். ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவோர் கவனிக்க: கம்ப்ரஸர் வகை குளிர்ந்த அறையில் திணறும், மெல்பர்ன் குளிருக்கு உலர்பொருள் வகையே ஏற்றது.

படிந்துவிட்ட பூஞ்சணத்துக்கு, சிட்னி அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சுகாதாரத் துறை பரிந்துரைப்பது மென்மையான சோப்பு நீர், அல்லது நான்கு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர். அதற்கும் போகாவிட்டால் 4 லிட்டர் தண்ணீரில் 250 மி.லி. பிளீச். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். பிளீச் கறையை வெளுக்கும், ஆனால் ஜிப்ராக் போன்ற நுண்துளைப் பொருளுக்குள் வேரோடிய இழைகளை எட்டாது. ஊறிப்போன பலகையையும் கார்பெட்டையும் வெட்டி எறிவதே வழி. மேலே பெயின்ட் பூசினால் சில மாதங்களில் மீண்டும் வெளிவரும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் வீடெங்கும் பறக்கும். ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் இந்த வேலையில் இறங்காமல் இருப்பது நல்லது. 1990-க்கு முன் கட்டிய வீடுகளின் ஃபைப்ரோ எனப்படும் சிமென்ட் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் அதைச் சுரண்டவே கூடாது.

வாடகை வீட்டில் பொறுப்பு யாருடையது என்பது ஈரத்தின் மூலத்தைப் பொறுத்தது. மெல்பர்ன் அமைந்த விக்டோரியா மாநிலத்தில் 2021 மார்ச் 29 முதல், கட்டட அமைப்பால் உண்டாகும் பூஞ்சணமும் ஈரக்கசிவும் எந்த அறையிலும் இருக்கக் கூடாது. இருந்தால் உரிமையாளர் அதை அவசரப் பழுதாகக் கருதிச் சரிசெய்ய வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2020 மார்ச் முதல், போதிய காற்றோட்டமும் கடும் ஈரமில்லாத சுவர், கூரை, தரையும் குறைந்தபட்சத் தகுதிகள். ஒழுகும் கூரையும் உடைந்த குழாயும் உரிமையாளர் கணக்கு. மின்விசிறியைப் போடாமல் குளித்ததால் வந்தது குடியிருப்பவர் கணக்கு. இரண்டும் கலந்திருக்கும் வீடுகளே அதிகம் என்பதால், புள்ளி தெரிந்த நாளிலேயே படமெடுத்து எழுத்தில் தெரிவிப்பது வழக்கம்.