சி டிரைவ் நிறைந்தால் கேமை அழிக்க வேண்டாம்

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தான். சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு. “கேமை அழிச்சிடலாம்னு இருக்கேன் மாமா” என்றான். மனசே இல்லாமல் சொன்னான்.

கேம், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. கம்ப்யூட்டரில் அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். விடுதி வைஃபையில் இறக்கியது. வீட்டிலோ ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் செல்போன் பேக் மட்டும்தான். மறுபடி இறக்குவதென்றால், வேறெதற்கும் துளி டேட்டா செலவழிக்காமல் 100 நாள் ஆகும். அதே லேப்டாப்பில் 1 டிபி ஹார்டு டிஸ்க், டி டிரைவ் என்ற பெயரில் ஏறத்தாழக் காலியாகக் கிடந்தது.

இன்ஸ்டால் செய்யும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் எல்லாம் சி டிரைவில்தான் போய் உட்காரும். அங்கிருந்து கிளப்ப, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

கேம்கள் விஷயத்தில் வேலை சுலபம். அவன் கேமை இறக்கிய ஸ்டீம் செயலியில் செட்டிங்ஸ், அதற்குள் ஸ்டோரேஜ். அங்கே டி டிரைவைச் சேர்த்து, கேமை டிக் செய்து, மூவ் கொடுத்தால் போதும். கேமின் உடல் முழுவதும் ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. எந்த கேம் எங்கே என்பதை ஸ்டீமே ஒரு சின்னக் குறிப்பு ஃபைலில் எழுதி வைத்திருக்கிறது. இடம் மாற்றும்போது அந்தக் குறிப்பும் கூடவே போகும். நாளைக்கே விண்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தாலும், டி டிரைவில் உள்ள அந்த ஃபோல்டரைக் காட்டினால் ஸ்டீம் கேமை அடையாளம் கண்டுகொள்ளும். “நான் விளையாடி வந்த இடம் போயிடாதா?” என்று கேட்டான். போகாது. இந்த கேம் அதை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் தனியாகச் சேமிக்கிறது. டி டிரைவ் வேகம் குறைந்த ஹார்டு டிஸ்க் என்பதால் கேம் திறக்க முன்பைவிட நேரமாகும். அது ஒன்றுதான் இழப்பு.

மற்ற மென்பொருள்கள் அப்படி இல்லை. டாஸ் காலத்தில் பல புரோகிராம்களை ஃபோல்டரோடு காப்பி செய்து எங்கே வைத்தாலும் ஓடும். விண்டோஸ் 95 வந்தபின் ரெஜிஸ்ட்ரி என்ற பொதுப் பதிவேடு எல்லாவற்றுக்கும் மையமாகிவிட்டது. தான் குடியிருக்கும் முகவரியைப் புரோகிராம் அதில் பல இடங்களில் எழுதிவிடும். ஃபோல்டரை மட்டும் கட் செய்து டி டிரைவில் ஒட்டினால், விண்டோஸ் பழைய முகவரியிலேயே போய்த் தேடும். ஐகானைத் தொட்டால் பிழைச் செய்திதான் வரும்.

இதற்கு விண்டோஸுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. பெயர் ஜங்ஷன். ஃபோல்டரை டி டிரைவுக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய இடத்தில் அதே பெயரில் ஒரு வழிகாட்டியை நட்டுவிடலாம். சி டிரைவில் தேடி வரும் புரோகிராமை விண்டோஸே சத்தமில்லாமல் டி டிரைவுக்கு அனுப்பிவிடும். ரெஜிஸ்ட்ரியில் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

மருமகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எமுலேட்டர் போன்கள் சி டிரைவில் பல ஜிபியை விழுங்கியிருந்தன. ஒவ்வொரு போனும் தன் முழு முகவரியை ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதி வைத்திருக்கும். ஜங்ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஸ்டுடியோவை மூடினோம். அந்தப் போன்கள் இருக்கும் ஏவிடி ஃபோல்டரை டி டிரைவுக்குக் காப்பி செய்தோம். பழையதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினோம். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் எம்கேலிங்க் கட்டளை, அதோடு ஸ்லாஷ் ஜே. முதலில் பழைய இடம், அடுத்து புதிய இடம். இந்த வரிசையில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். காலியிடம் உள்ள பெயர்களை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். கட்டளை எழுதத் தயங்குகிறவர்களுக்கு இதையே செய்துதரும் ஃப்ரீமூவ் என்ற இலவசக் கருவி இருக்கிறது.

ஆனால், கட்டளை பழகிவிட்டது என்று எல்லாவற்றையும் கிளப்பக் கூடாது. விண்டோஸ் ஃபோல்டரைத் தொடவே கூடாது. புரோகிராம் ஃபைல்ஸை மொத்தமாக நகர்த்தினால் அப்டேட்கள் முறிந்துபோகலாம். ஆன்டிவைரஸும் டிரைவர்களும் போட்ட இடத்திலேயே இருக்கட்டும். கழற்றி மாட்டுகிற பென் டிரைவுக்கு ஜங்ஷன் போடாதீர்கள். அதைப் பிடுங்கிய நொடியில் வழிகாட்டி வெறும் சுவரைக் காட்டும்.

எமுலேட்டர் திறந்தது, கொஞ்சம் மெதுவாக. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே பெயர் மாற்றிய பழைய ஃபோல்டரை அழித்தோம். மறுநாள் அவன், “மாமா, சி-லயும் இருக்கு, டி-லயும் இருக்கு. ஒண்ண அழிச்சிடவா?” என்றான். நல்லவேளை, கேட்டான். பார்க்க இரண்டாகத் தெரியும்; இருப்பது ஒன்றுதான், அது டி டிரைவில். அந்த ஃபோல்டருக்குள் ‘இதை அழிக்காதே’ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டுவைத்தோம்.