பக்கத்தில் அம்மா இருந்தால்

2022 ஜூலை 17, ஞாயிறு. கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் அருகே கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி சூறையாடப்பட்டது, பஸ்கள் எரிந்தன. நான்கு நாள் முன்பு அங்கே விடுதியில் தங்கிப் படித்த பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்திருந்தார். நீதி கேட்டு எழுந்த குரல் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஊர் ஊராகப் பரவி, அன்று காலை கூட்டமாகத் திரண்டது. 300க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்களும் உண்டு. குழுவில் சேர ஒரு லிங்க்கைத் தொட்டால் போதும். கோர்ட்டுக்கு நடப்பது அவ்வளவு சுலபமில்லை.

கோபம் எல்லா வயதுக்கும் வரும். ஆனால் 'எல்லாரும் போறாங்க' என்பதில் பதின்வயதுக்கு மட்டும் ஏன் இத்தனை இழுப்பு?

2016இல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இன்ஸ்டாகிராம் போலவே 148 படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் எத்தனை லைக் என்ற எண். அந்த எண்களைப் போட்டது ஆய்வாளர்களேதான். பிள்ளைகளுக்கு அது தெரியாது. லைக் அதிகமிருந்த படங்களுக்கே அவர்களும் அதிகம் லைக் போட்டார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய லைக் கண்டதும், இனிப்பு தின்றால் விழித்துக்கொள்ளும் அதே மூளைப்பகுதி துள்ளியது. புகை, மது போன்ற படங்களைப் பார்க்கும்போதோ, 'வேண்டாம்' என்று நிறுத்தும் பகுதிகளின் வேலை குறைந்தது. சந்தோஷத்தைத் தேடும் பகுதி சீக்கிரம் முழுவேகம் பிடித்துவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நிதானமோ முதிர இருபதைத் தாண்டுகிறது. பிள்ளையிடம் கெட்ட குணம் எதுவுமில்லை, வயதுதான்.

அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெற்றோர் பலர். பிள்ளை பாட்டியிடம் இருக்கும். அப்பா அம்மா குரலைக் கேட்கவே செல்போன். அதைப் பிடுங்கு என்று இங்கே யாருக்கு அறிவுரை சொல்வது? டவர் கிடைக்கிற மேட்டில் உட்கார்ந்தால் அதே போனில்தான் முகம் தெரியாத கூட்டமும் வந்து நிற்கிறது.

2015இல் ஈவா டெல்ஸர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்கு அந்த லைக் ஆய்வைவிடப் பிடித்தது. சுமார் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விழுகிறது: பிரேக் போடுவதா, பாய்வதா? தனியாக ஒருமுறை, அம்மா பார்த்துக்கொண்டிருக்க ஒருமுறை. அம்மா பார்க்கும்போது பாய்ச்சல் குறைந்தது. அது மட்டுமில்லை, பாய்வதில் மூளைக்குக் கிடைத்த குஷியே மங்கியது. கட்டுப்படுத்தும் பகுதி கூடுதலாக உழைத்தது. கவனியுங்கள், அந்த அம்மா ஒளிந்து வேவு பார்க்கவில்லை. அவர் பார்ப்பது பிள்ளைக்குத் தெரியும்.

தோட்டத்தில் இருக்கும் அம்மாவும் வீடியோ காலில் "இன்னிக்கு என்ன பார்த்த, எனக்கும் காட்டு" என்று கேட்கலாம்.

போனில் வரும் முகம் தெரியாத கூட்டத்தில், அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறவனும் உண்டு. அவனது முதலீடு, வீட்டில் விழப்போகும் அடிதான். அந்தப் பயம் இல்லையென்றால் அவன் பிழைப்பு பாதி போச்சு. மீதிக்கும் வழி இருக்கிறது. பதினெட்டு நிரம்பாதவர்களின் அந்தரங்கப் படங்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி, அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண்வரிசை மட்டும் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் படத்தைத் தேடி நீக்கும்.

ஒரு நாள் உங்கள் பிள்ளை அழுதுகொண்டு போனை நீட்டினால், மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதீர்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098. திட்ட வேண்டியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.