கோப்புகளிற் சொற்கோலம் தேடுதல்

அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘பெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85. அவற்றை எழுதிய ஹமில்ற்றன், மடிசன், ஜே ஆகிய மூவரும் ஒரே புனைபெயரைப் பூண்டமையால், சில கட்டுரைகளை ஆக்கியோர் யாவர் என்பது நெடுங்காலம் ஐயத்துக்கிடமாயிற்று. பெல் ஆய்வுகூடத்து லீ மக்மகன் என்பார் இவற்றைக் கணினி கொண்டு ஆராய விழைந்தபொழுது, அந்நாளில் வழங்கிய ‘எட்’ என்னும் பதிப்புச் செய்நிரல் அத்துணைப் பெரிய கோப்பை ஏற்கும் வலியற்றிருந்தது. அக்குறை தீரக் கென் தொம்சன் அளித்த தனிச் செய்நிரலே ‘கிறெப்’ என்று பிறையன் கேணிகன் கூறுவர். 1973 ஆம் ஆண்டின் யுனிக்ஸ் நான்காம் பதிப்பில் அஃது இடம்பெற்றது.

கட்டளை வரியிற் செய்நிரலின் பெயரையும், தேடும் கோலத்தையும், கோப்பின் பெயரையும் எழுதினால் அமையும். கோப்பு வரிவரியாகப் படிக்கப்படும், கோலம் பொருந்திய வரி திரையில் தோன்றும், ஏனையவை விடப்படும். முழுக்கோப்பையும் ஒருங்கே நினைவிற் கொள்ள வேண்டாமையால் அதன் பருமன் தடையாவதில்லை.

கோலத்தை உணர்த்தும் குறியீட்டு முறை ‘ஒழுங்குக் கோவை’ எனப்படும். நரம்பு வலைகளின் இயக்கத்தை ஆராய்ந்த கணித அறிஞர் கிளேனி 1956 இல் வெளியிட்ட கருத்து இது. தொம்சன் 1968 இல் அதனைச் சொற்றேடலுக்குப் பயன்படுத்தினார். இம்முறையில் நிறுத்தற்புள்ளி ஏதேனும் ஒரு குறியைச் சுட்டும்; தமிழ் மாணவர் அதனை மெய்யெழுத்தின் புள்ளியென மயங்கலாகாது.

தமிழ் நூல்களைத் தேடுவோர் இடர்ப்படுவதும் இங்கேயே. ‘க.ல்’ என்னும் கோலத்துக்குக் ‘கடல்’ அகப்படும், ‘கால்’ என்பதும் அகப்படும், ‘கல்’ அகப்படாது. யூனிக்கோட்டு முறையிற் டகரம் ஒரு குறி. ஆகாரத்தைக் காட்டும் காலும் தனியே ஒரு குறி. கணினி எண்ணுவது குறிகளையன்றி எழுத்துகளை அன்று. அவ்வாறே ‘தமிழ்’ எனத் தேடின் ‘தமிழில்’ என்பது விடுபடும். ‘தமிழ’ எனத் தேடின் ‘தமிழ்’, ‘தமிழில்’, ‘தமிழால்’ யாவும் வரும். அகரமேறிய ழகரமே இம்முறையில் அடிப்படை. புள்ளி அதன்மேல் ஏறும் மற்றொரு குறி. புள்ளியற்ற மெய்வடிவம் அகரத்தோடு ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் வகுத்த எழுத்து முறைக்கு இது முரணன்று என்பது சுவைக்கத்தக்கது.

ஓகாரத்தில் நேரும் இடர் இதனினும் பெரிது. ‘கோல்’ என்னும் சொல்லை ஓகாரத்துக்குரிய ஒரே குறியாலும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்னும் இரு குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கிறெப்புக்கு வேறு. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றையது தோன்றாது. பிழையென்று கருவி அறிவிப்பதுமில்லை. ஒரு புலவர் இச்சொல்லை ஆளவில்லை என்று இதுகொண்டு முடிபு கூறுவாரது ஆராய்ச்சி முழுவதும் பழுதாகும். ஆதலின், கோப்புகள் யாவற்றையும் முதற்கண் ஒரே குறிமுறைக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். இயலாதவிடத்து இரு வடிவங்களையும் வெவ்வேறாகத் தேடி, கிடைத்த வரிகளைக் கூட்டிக் கணக்கிடல் வேண்டும்.